நொரீன் படுத்த பக்கம்

பெட்டியை வண்டிக்குள் எங்கே வைப்பதென்று லோர்னுக்குப் பிடிபடவில்லை. பூட்ஸ் அலமாரியைத் திறந்து பார்த்தார். ஈர பூட்ஸ் காய்வதற்காக அவரே விட்ட சூட்டுக்குழாய் அதற்குள் ஓடுகிறது, வியர்வை நாற்றம் வேறு. பாத்திரத் தொட்டிக்கு மேலே இருந்த தட்டில் நொரீனின் டீக் கோப்பை உட்கார்ந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பனிச்சறுக்குப் பலகைகளை நுழைக்கிற நீளப் பொந்து காலியாகத்தான் கிடந்தது, ஆனால் அதற்குள் பெண்டாட்டியைத் தள்ளிவிட மனம் வரவில்லை.

வெறும் வேனாக வருவதில் கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் வைத்து மாற்றி, மலைக்குப் பனியில் சறுக்கப் போகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. "இடமில்லாத சாமான் முதல் வளைவுலயே உங்க மண்டையில வந்து விழும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவருடைய வண்டியில் பல் துலக்கும் பிரஷுக்கு இடம் உண்டு, ரொட்டிக் கத்திக்கு உண்டு, நனைந்த கையுறையின் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முளை உண்டு. செருப்பு டப்பா அளவுள்ள ஒரு மரப்பெட்டிக்கு இடமில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டிக்கு நடுவில் நின்றார்.

டெஸ் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தாள். ஒரே மகள், வான்கூவரில் பல் டாக்டர்.

"அப்பா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க. அம்மாவக் குடுங்க, நான் தூக்கிக்கிறேன்."

"பாத்து. கனமா இருக்கு."

"தெரியும்பா. கார்ல நாந்தான மடியில வச்சுட்டு வந்தேன்."

வெளியே, பனிச்சறுக்கு மலையின் மேல் பார்க்கிங்கில் வண்டிகளை வட்டமாகத் திருப்பி, கதவுகளை உள்பக்கம் பார்த்துத் திறந்து போட்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க இங்கேயே வண்டியில் படுத்து எழுகிற ஆட்களில் யாராவது போய்விட்டால் இப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சட்டி கொதிக்கும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி வண்டியாகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே போனவரைப் பற்றிப் பேசுவார்கள். மறுநாள் காலை, டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றுவதற்கு முன்னால், கம்பியில் நாற்காலி தொங்கி ஏறுகிற மலை லிஃப்டில் வீட்டாரை முதலில் மேலே கூட்டிப்போய்ச் சாம்பலைத் தூவ விடுவார்கள். நொரீன் போனது அக்டோபர் மழையில். கடையில் தயிர் டப்பாவைக் கையில் எடுத்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். பனி விழுந்து லிஃப்ட் ஓடட்டும் என்று பெட்டி இத்தனை நாள் வீட்டில் காத்திருந்தது.

வட்டத்தில் நின்ற அத்தனை பேர் ஜாக்கெட் ஜிப்பிலும் ஒரு மஞ்சள் கம்பளிப் பூ இருந்தது. எல்லாம் நொரீன் பின்னியது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ, பின்னால் ஒரு பொட்டுக் காந்தம். முதலில் தன் கட்டில் ஓரத்துச் சுவரில் தெரிந்த ஸ்க்ரூத் தலைகளின் மேல்தான் ஒட்டி வைத்தாள். பார்த்தவர்கள் எங்களுக்கும் வேண்டுமென்றார்கள். அப்புறம் லோர்னின் பட்டறையிலிருந்து எந்த வண்டி போனாலும் அதில் ஒரு பூ ஒட்டிக்கொண்டு போயிற்று.

டெஸ் வண்டிக்குள் எட்டி, சுவரிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து வந்து அவருடைய ஜாக்கெட் ஜிப்பில் ஒட்டினாள். "உங்களுக்கு இல்லாமலா?"

"நான் திட்டுவேன்னு உங்கம்மாவுக்குத் தெரியும். அதான் எனக்குக் குடுத்ததில்ல."

"நல்லாத் தெரியும்" என்றான் டஃப். மலைக் காவல் படைக்காரன், தாடிக்குள் சூப் ஒட்டியிருந்தது. "மேஸ்திரி, நீங்க ஒரு ஸ்க்ரூவ அளவு பாத்து அடிக்க அரை நாள் எடுப்பீங்க. அவங்க வந்து பூவ வச்சு மூடிட்டுப் போயிருவாங்க. உங்க வேலைய இன்னைக்கு வரைக்கும் எவனும் பாத்ததில்ல, தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். லோர்னும் சிரித்தார். பொம்மை வீடு கட்டுகிறாயா என்று அவர் கேட்டதும், ஆமாம், உள்ளே ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கிறதே என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தன. கிண்ணத்தைத் தூக்கிச் சூப்பைக் குடித்தார்.

ஆளாளுக்கு நொரீனைப் பற்றிப் பேசினார்கள். எல்லாமே நல்ல பேச்சு. அவருக்கு மட்டும் யாரோ வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்பது போலிருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் இருந்தும், அவர் கண் அடிக்கடி தன் வலது பக்கம் போய் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

நொரீனின் அக்கா கிளெண்டா, டஃபின் வண்டிப் படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்கரி நகரத்துக்காரி. பனிச்சறுக்கு தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டுப் பார்க்கிங்கில் வந்து படுக்கிற தங்கையை அவள் ஆயுசு முழுக்கக் கேலி செய்தவள். காபியில் விஸ்கி கொஞ்சம் தாராளமாகவே இறங்கியிருந்தது. லோர்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும் லோர்ன். இனிமே அவளுக்குக் குளிராது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். லோர்ன் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு எப்பக் குளிர்ந்துச்சு?"

"ஒண்ணுமில்ல விடு."

"இல்ல, சொல்லு. என் வண்டியில யாருக்கும் குளிராது. வெளியில மைனஸ் முப்பது இருந்தப்பவே உள்ள பனியன் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"நீ உக்காந்திருப்ப. நான் உன்னையா சொன்னேன்?" கிளெண்டா கோப்பைக்குள் பார்த்தாள். "ஒவ்வொரு வருசமும் சீசன் முடிஞ்சு என் வீட்டுக்கு வருவாள்ல? பையக் கூடக் கீழ வைக்க மாட்டா. நேரா வெந்நீர்த் தொட்டியில போய் எறங்கிருவா. தோள்பட்டை கட்டையாட்டம் இருக்கும். தேச்சு விடுடீன்னு சொல்லுவா. ராத்திரியெல்லாம் ஐஸ்கட்டி மேல சாஞ்சு படுத்த மாதிரி இருக்குன்னு சொல்லுவா."

"என்கிட்ட சொன்னதில்லயே."

"உன்கிட்ட சொல்லாதன்னு என் வாயக் கட்டிருந்தா. சொன்னா அன்னைக்கே வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருவான், அப்புறம் அந்த வருசம் மலை கெடையாதுன்னா. போதாதா? நானே வாயை விட்டுட்டேன். சூப்பக் குடி, ஆறுது."

லோர்ன் குடிக்கவில்லை. தினமும் காலையில் எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: நல்லாத் தூங்குனியா? அவளும் மாற்றாமல் ஒரே பதிலைச் சொல்லுவாள்: கட்டை மாதிரித் தூங்குனேன், காபியக் குடு. அதைக் கேட்டதும் அவர் வண்டிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுப்பார், குதிரைக்குத் தட்டுவது மாதிரி. இந்த வண்டியில் கழிந்த குளிர்காலங்கள்தான் தங்கள் வாழ்க்கையில் உருப்படியானவை என்று அவர் நம்பியிருந்தார். அது இரண்டு பேருக்குமானதா, தனக்கு மட்டுமா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை. இப்போது கேட்கத் தோன்றியது, கேட்பதற்கு ஆளில்லை.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியதும் சட்டிகளைக் கழுவ ஆரம்பித்தார்கள். டெஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, ஹோட்டல்ல உங்களுக்கும் சேத்துத்தான் ரூம் போட்டிருக்கேன். பெரியம்மாவும் நானும் ஒரு கட்டில்ல படுத்துக்கிறோம்."

"நான் வண்டியிலயே இருக்கேன்."

"தனியாவா?"

"அம்மா இருக்காளே. குடு."

டெஸ் உடனே கொடுக்கவில்லை. அப்பாவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். கிளெண்டா என்ன உளறினாள் என்று கேட்க நினைத்திருக்கலாம். கேட்காமல் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அவருடைய தொப்பியைக் காது மூட இழுத்து விட்டாள்.

"காலைல டஃப் வந்து கதவத் தட்டுவாரு. சவரம் பண்ணிக்கங்கப்பா. அம்மாவுக்குப் பிடிக்காது."

உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். டீசல் ஹீட்டர் டிக் டிக்கென்று எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் நல்ல சூடு அடித்தது. பெட்டியைத் தற்காலிகமாக ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டு பூட்ஸைக் கழற்றினார்.

கட்டில் வண்டிக்குக் குறுக்கே கிடந்தது. ஹீட்டர் இருக்கிற உள்பக்கம் அவருடையது. காலையில் முதலில் எழுந்து பனியை வழிக்கிறவன் என்று அவரே எடுத்துக்கொண்டது. பின்கதவை ஒட்டிய பக்கம் நொரீனுடையது. இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. முழங்காலால் நகர்ந்து போய், அவளுடைய தலையணையில் தலை வைத்து, பின்கதவுப் பலகைச் சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிப் படுத்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிளெண்டாவுக்கு எதையும் பெரிதாக்கிப் பேசித்தான் பழக்கம் என்று நினைத்தார், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு நெற்றிக்கு நேரே எதுவோ ஊசி மாதிரி குத்தியது. டெஸ் பூவைப் பிய்த்த இடம். ஸ்க்ரூத் தலை வெறுமையாக, வெள்ளையாக இருந்தது. வெள்ளைப் பெயின்ட் அல்ல. விரலை வைத்தார். உறைபனி ஒட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்துப் பூவை எடுத்தார். அதன் அடியிலும் வெள்ளைப் பொட்டு. அடுத்ததிலும் அப்படியே. எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டுச் சுவர் முழுவதையும் பார்த்தார். பூக்களை நொரீன் தாறுமாறாக ஒட்டியிருக்கிறாள், கணக்கே இல்லையே என்று அவர் பலமுறை முணுமுணுத்திருக்கிறார். கணக்கு இருந்தது. மேல் வரிசையில் ஒரு பூ கூட இல்லை. நெற்றி படுகிற இடத்தில் இருந்தன, தோள் படுகிற இடத்தில் நெருக்கமாக இருந்தன, கீழே முழங்கால் வரும் இடத்தில் இருந்தன. ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணைச் சுற்றிக் கோடு போட்டது மாதிரி அந்தச் சுவரில் மஞ்சளாக ஒரு வரி ஓடியது.

திருப்புளி இருக்கிற இடம் கண்ணை மூடினாலும் தெரியும். தோள் பக்கத்து ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினார். நுனியில் மரத்தூள் ஒட்டி வந்திருக்க வேண்டும். சுத்தமான இரும்பாக வந்தது. பலகைக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே குளிரைத் தடுக்கிற ரீப்பர் கட்டை இல்லை. கம்பளித் திணிப்பும் இல்லை. வெளியே இருக்கிற குளிர் சட்டத்தில் ஏறி, சட்டத்திலிருந்து ஸ்க்ரூவில் ஏறி, நேராக உள்ளே வந்து அவள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கு வருகிற பையன்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றோடு சீட்டைக் கிழித்திருப்பார்.

அவருக்கு நினைவு வந்தது. இந்த வண்டியைக் கட்டிய வருடம் பனி முந்திக்கொண்டது. வாடிக்கையாளர் வண்டிகளையெல்லாம் முடித்து அனுப்பிவிட்டு, கடைசியில் சொந்த வண்டிக்கு வந்தபோது மலையில் லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. ரீப்பர் தீர்ந்திருந்தது, கடை போய் வரப் பொறுமையில்லை. நொரீன் பலகையை முதுகால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள, அவர் நேராகச் சட்டத்திலேயே முடுக்கினார். "இந்த சீசன் மட்டும் ஓட்டிக்கலாம். அப்புறம் கழட்டி ஒழுங்காப் பண்ணிரலாம்" என்று சொன்னார். "சரி" என்று சொன்னாள். அவர் மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. அடுத்த வாரமே மஞ்சள் நூல் வாங்கி வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி" என்றார். குரல் சிறிய வண்டிக்குள் ரொம்பப் பெரிதாகக் கேட்டது. அவளாக இருந்தால் இதற்கு ஏதாவது சுருக்கென்று பதில் வைத்திருப்பாள். லோர்ன் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு கழற்றிய ஸ்க்ரூவை அதே ஓட்டையில் முடுக்கினார். பிய்த்த பூக்களை ஒவ்வொன்றாக அதனதன் தலையில் வைத்தார். கிட்டே கொண்டுபோனதுமே டப்பென்று ஒட்டிக்கொண்டன. ஜிப்பில் இருந்த பூவை மட்டும் எடுக்கவில்லை.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தார். கட்டிலின் உள்பக்கத்தில், தன்னுடைய தலையணையில் வைத்தார். ஹீட்டரின் வாயைக் கொஞ்சம் மேலே திருப்பி, சூடு படுகிறதா என்று மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். போர்வையின் பெரும்பாகத்தை அந்தப் பக்கம் தள்ளினார்.

விளக்கை அணைத்துவிட்டுப் பின்கதவை ஒட்டிப் படுத்தார். பூ இல்லாத ஸ்க்ரூ நெற்றிக்கு நேராக இருந்தது. அவர் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை.