கறவை முடியும்வரை

"பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க," என்றார் பண்ணை மேற்பார்வையாளர். "வெளியில நடந்த செருப்போட யாரையும் உள்ளே விடுறதில்ல. உங்கம்மா போட்ட சட்டம்தான்."

பன்னு ஒற்றைக் காலில் நின்று ரப்பர் பூட்ஸை இழுத்து மாட்டினாள். யாரோ ஒரு பெரிய காலுக்கு வாங்கியது. உள்ளே பாதம் தனியாக நகர்ந்தது. 'எங்கப்பா செத்துட்டாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் வழி விட்டுவிடுவார். பதறி முன்னால் ஓடி, அவரே அம்மாவிடம் சொல்லியும் விடுவார். அதனால்தான் அவள் சொல்லவில்லை. தன் வாயால்தான் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று ஸ்கூட்டரில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். போனில் சொல்லவும் வழியில்லை. கறவைக் கூடத்துக்குள் அம்மா போன் கொண்டுபோவதில்லை.

மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு காலையும் முக்கி எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தின் நடுவே இடுப்பளவு ஆழத்தில் ஒரு நீளப் பள்ளம். இரண்டு பக்க மேடையிலும் மாடுகள் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. பள்ளத்துக்குள் நிற்கிறவர்களுக்கு மடி கண்ணுக்கு நேராக இருக்கும். அம்மா அங்கே பச்சை ரப்பர் ஏப்ரனில் நின்றாள். நரைத்த தலை பிளாஸ்டிக் தொப்பிக்குள் அடங்கியிருந்தது. பின்னங்கால் இரண்டும் வெள்ளையான ஒரு மாட்டின் காம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையில் சின்னக் கண்ணாடி டியூபைச் சாய்த்து வைத்திருந்தாள். டியூபின் மூடி சுண்டுவிரல் மடிப்பில் இருந்தது.

பூட்ஸ் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். படியில் நின்ற மகளைப் பார்த்தாள். அவள் மணிக்கட்டு ஒரு கணம் அந்த மாட்டின் மடியில் சாய்ந்து நின்றது. பிறகு டியூபை மூடினாள்.

"அந்த ட்ரேயை வாங்கிக்கோ," என்றாள். "அவரு பெட்டியில ஐஸ் போடட்டும்."

ட்ரேயைப் பிடித்திருந்த ஆய்வக உதவியாளர், எல்லோருக்கும் ஐஸ்பெட்டிக்காரர், அதைப் பன்னுவிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனார். பன்னு பள்ளத்துக்குள் இறங்கினாள். சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. அம்மா அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைத்தாள். பஞ்சு அழுக்கானதும் வேறு பஞ்சு, அது வெள்ளையாகவே இருக்கும்வரை. துடைக்கும்போது தூரத்துக் காம்பில் ஆரம்பிக்க வேண்டும்; பால் எடுக்கும்போது கிட்டத்துக் காம்பில். இல்லையென்றால் துடைத்த இடத்தில் கை உரசிவிடும். முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, திரி திரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டியூப். இதையெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் பன்னு. பார்ப்பது மட்டும் இதுதான் முதல் தடவை.

அம்மா 'அப்பா எப்படி இருக்காரு' என்று கேட்கவில்லை.

அது பன்னுவுக்குச் சுரீரென்றது. வீட்டில் படுக்கையில் கிடக்கிறவரை விட்டுவிட்டு மகள் இத்தனை தூரம் வந்து நிற்கிறாள். ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டாமா? "ஏ, தள்ளி நில்லுடி," என்று அம்மா சொன்னதும் திரும்பினாள். அது மாட்டிடம் சொன்னது.

விடிவதற்கு முன்னால் நடந்தது மனதில் ஓடியது. அம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்த கட்டிலருகே நின்றிருந்தாள். "இன்னைக்குப் போக வேணாம்னு தோணுது," என்றாள்.

"கிளம்பு, டாக்டரம்மா," என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "நாலு வருஷமா என் தூக்கத்தைக் கெடுத்துட்டு... கடைசி நாள் வீட்ல உக்காந்தா... மாடுங்க என்னைத்தான் திட்டும்."

அம்மா பன்னுவைப் பார்த்தாள். இரு என்று ஒரு சொல் வந்தால் இருந்துவிடலாம் என்கிற பார்வை. பன்னு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போய்விட்டாள்.

அம்மா மாட்டு டாக்டர்; அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தார். அந்த வீட்டில் இருவரும் இருட்டோடு எழுந்து, ஒருவர் அடுப்புக்கும் மற்றவர் தொழுவத்துக்கும் போவார்கள். பன்னு பிறந்தபோது மாவுக் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, "மாவு நான், பால் அவ, வெந்து வந்தது பன்னு," என்றாராம். வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சராகி, லீவு போட்டு வந்திருக்கிற இந்த வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை. மாவுத் தூசு அவர் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் கடைக்குப் போய் உட்கார்ந்து, ரொட்டி வாங்க வருகிறவர்களிடம் அம்மாவின் ஆராய்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தார். "கன்னு போடுறதுக்கு முன்னால ரெண்டு மாசம் மாட்டைக் கறக்காம விடுவாங்க. அப்போ நோய் இருக்கோ இல்லையோ, எல்லா மடிக்குள்ளேயும் மருந்தை ஏத்திடுறாங்க. எங்க வீட்டம்மா என்ன சொல்றா? நல்லா இருக்கறதை ஏன்யா தொந்தரவு பண்றீங்க, கதவை மட்டும் ஒழுங்கா சாத்துங்கங்கிறா." காம்பின் துளையைப் பசை வைத்து அடைப்பதைத்தான் அவர் கதவு என்பார். ரொட்டி வாங்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படிக் காம்பை அடைத்து வைத்த மாடுகள் கன்று ஈன்ற பிறகும் நோயில்லாமல் இருக்கின்றனவா? இன்றைய பாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலு வருட ஆராய்ச்சி இன்றோடு முடிகிறது.

ஒரு மாடு காலை உதறியது. ட்ரே ஆடி டியூப்கள் கிணுங்கின. "நேராப் பிடி," என்றாள் அம்மா, திரும்பாமல். பன்னுவின் கண்ணில் நீர் முட்டியது. கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்ததால் துடைக்க வழியில்லை. தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். இன்னும் இரண்டு மாடு. முடிந்ததும் சொல்லிவிடலாம்.

கடைசி மாட்டில் கறவைக் குழாய்கள் கழன்று விழுந்ததும் அம்மா பழுப்பு மருந்துக் கோப்பையில் நான்கு காம்புகளையும் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். மாடுகள் வரிசையாக வெளியே நடந்தன. பன்னு மேலே ஏறி ட்ரேயை ஐஸ்பெட்டிக்காரரிடம் கொடுத்தாள்; அவர் டியூப்களைப் பெட்டியில் அடுக்கப் போனார். அம்மா கையுறையைக் கழற்றினாள், மேலே ஏறி வந்தாள், குழாயைத் திறந்து முழங்கைவரை சோப்புப் போட்டாள்.

"தூக்கத்துலயா?" என்றாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

பன்னுவுக்குக் கேட்டது என்னவென்று புரிய ஒரு நொடி ஆனது.

"உனக்கு எப்படி..."

"நீ பூட்ஸ் மாட்டிக்கிட்டு வந்தே. மோசமா இருக்குன்னா வாசல்லேருந்தே கத்தியிருப்பே."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏம்மா நிறுத்தாம..."

"நிறுத்தியிருந்தா நீ சொல்லியிருப்பே."

அம்மா மறுபடியும் சோப்பை எடுத்தாள். கழுவிய கைதான். பன்னு குழாயை மூடினாள்.

"தூக்கத்துல இல்லம்மா. முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. 'உங்கம்மா எத்தனை மாடு முடிச்சிருப்பா'ன்னு கேட்டாரு. பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும்னு சொன்னேன். சரின்னாரு. ஜன்னலைத் திறக்கச் சொன்னாரு. திறந்துட்டுத் திரும்பிப் பார்க்கறேன்..."

"பாதி முடிஞ்சிருக்காது," என்றாள் அம்மா. "அப்பத்தான் ஆரம்பிச்சிருப்பேன்."

ஐஸ்பெட்டிக்காரர் பெட்டியோடு வந்தார். அம்மா அதன் மூடியைத் திறந்து, தேடி, நான்கு டியூப்களை எடுத்து அவர் கையில் வைத்தாள். "வெள்ளைக்காலியோடது. கொட்டிடுங்க. என் கை பட்டுடுச்சு."

"என்ன மேடம்? இன்னைக்கு விட்டா மறுபடி எடுக்க முடியாதே. அந்த மாடே கணக்குல இல்லாமப் போயிடும்."

"தெரியும். கொட்டிடுங்க."

அவர் பன்னுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பாவின் தங்கை, கடையில் கல்லாவைப் பார்ப்பவள். கூடத்தில் கடை ஆட்கள் மாவுக் கறை படிந்த சட்டையோடு சுவரோரம் நின்றார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் உள்ளே போய், கட்டிலருகே குனிந்து, அப்பாவின் பாதத்தில் புறங்கையை வைத்தாள். மடியில் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இப்போ தொட்டு என்ன அண்ணி?" என்றாள் அத்தை பின்னாலிருந்து. குரல் உடைந்திருந்தது. "எங்கண்ணன் உசுரு போற நேரத்துல நீங்க மாட்டு மடியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"அத்தை, அப்பாதான் போகச் சொன்னாரு," என்றாள் பன்னு. "நான் பக்கத்துல இருந்தேன். சிரிச்சுக்கிட்டே அனுப்பினாரு."

"சொல்லுவாருடி. அவரு எதைத்தான் வேணாம்னு சொல்லியிருக்காரு? படுக்கையில விழுற வரைக்கும் கடைக்கு வந்து உக்காந்தவரு. மூச்சு வாங்குதா அண்ணேன்னா, இல்ல மாவு வாசனை பிடிக்கிறேம்பாரு. அவரு சொன்னா நாம கேட்டுடறதா?"

அம்மா நிமிர்ந்தாள்.

"நீ சொல்றது சரிதான்," என்றாள் அத்தையிடம். "நான் போயிருக்கக் கூடாது."

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளிலிருந்து பையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டீங்க," என்று யாரையோ திட்டுவதுபோல் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மாலையில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். கடை ஆட்கள்தான் தூக்கினார்கள். மாவு மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள். ஆட்டம் அசைவு இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அடுத்த சில நாட்கள் வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதிலும் தேநீர்க் கோப்பை கழுவுவதிலும் போயின. அம்மா எல்லோருக்கும் பதில் சொன்னாள், வேளைக்குச் சாப்பிட்டாள், ஐஸ்பெட்டிக்காரரிடம் போனில் இரண்டொரு வார்த்தை பேசினாள். அழுது பன்னு பார்க்கவில்லை. தூங்கியும் பார்க்கவில்லை. எந்நேரம் எழுந்தாலும் அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிடும்.

ஒரு பிற்பகலில், வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, வாசல் மணி அடித்தது. சின்ன வேன் ஒன்று நின்றிருந்தது. கையில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர்.

"ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தீங்கல்ல, கம்பெனியிலேருந்து வர்றேன்," என்றார். "காலமாயிட்டாருன்னு தகவல் சொன்னாங்க. மன்னிச்சுக்கோங்க. மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும்."

"இருங்க," என்று பன்னு உள்ளே போனாள்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் தன் பக்கத்தில் அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம். கட்டிலின் மறுபக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக இரவெல்லாம் அந்த அறையில் கேட்ட அதே உறுமல், நடுநடுவே அதே பெருமூச்சு. அதிலிருந்து வந்த மெல்லிய குழாய் பக்கத்துத் தலையணைமேல் சுருண்டு கிடந்தது. அதன் நுனியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தலையணை உறையின் ஓரம் அதில் லேசாக அசைந்தது.

பன்னு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கு வர முடியுமா?"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மெஷின் ஓடுற சத்தம் கேக்குதே. யாராவது யூஸ் பண்றாங்களா?"

"ஆமா," என்றாள் பன்னு.