பழைய பைக்கும் ஆறாவது குறிப்பும்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. என் தங்கை எழுதச் சொன்னாள். 'சொன்னாள்' என்பது மரியாதைக்காகப் போட்டிருக்கும் சொல். மாவுக்கட்டு போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதினேல்ல, இதையும் எழுது" என்றாள்.

எழுதத் தயார்தான். ஆரம்பம்தான் வருவேனா என்கிறது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

(சாலை ஈரமாக இருந்தது. விதி என்று ஒன்று)

அடித்துவிட்டேன். சாலை நன்றாகக் காய்ந்து கிடந்தது. விதிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டாவது தொடக்கம்:

(பழைய பைக் விற்பவர்களைப் போன்ற அயோக்கியர்கள் இந்த உலகத்தில்)

இதுவும் வேண்டாம். இது பாதி உண்மை. மீதிப் பாதி என் பெயரோடு அச்சாகியிருக்கிறது.

2

போன வருடம் ஒரு வார இதழுக்கு 'ஐந்தே நிமிடத்தில் பழைய பைக்கை எடைபோடலாம்' என்று கட்டுரை எழுதினேன். எனக்குப் பைக் ஓட்டத் தெரியாது. ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து கேட்டு எழுதியதுதான். மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது? கால் வைக்கும் ரப்பரும் கைப்பிடியும் அந்த ஓட்டத்துக்கு ஏற்பத்தான் தேய்ந்திருக்கின்றனவா? எஞ்சின் ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறதா? செயின் தொய்ந்திருக்கிறதா? சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருக்கின்றனவா? ஆக ஐந்து.

மெக்கானிக் ஆறு சொன்னார். ஆறாவதைச் சொல்வதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த அஞ்சையும் அரை நாள்ல சரி பண்ணி வச்சிரலாம் சார். அதனால ரெண்டாவது தடவ சொல்லாம கொள்ளாம போங்க. எஞ்சின் ஆறியிருக்கான்னு தொட்டுப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு, அப்புறம் முறுக்குங்க. நீலமா புகை வந்தா ஆயிலக் குடிக்குதுன்னு அர்த்தம். வாங்காதீங்க."

குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வெட்டினேன். ஐந்து என்றால் தலைப்பு எடுப்பாக இருக்கும். தவிர, முதல் ஐந்தையும் செல்லாக்காசாக்குகிற ஆறாவதை எந்தக் கட்டுரையாளன் வைப்பான்? 'ஐந்தே நிமிடம்' என்று சொல்லிவிட்டு, இன்னொரு நாள் போய் நில் என்றால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். வாசகர் என்றால் நீங்கள்தான். கோபம் வந்தால் வரட்டும். உங்களுக்கும் ஐந்துதான் பிடித்திருந்தது.

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அந்தக் கட்டுரையைத்தான். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் முழுதாகப் படித்தவர் பிழை திருத்தியவர் ஒருவர்தான், அவரும் வேறு வழியில்லாமல்.]

3

தங்கை ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் பத்து வீடு. பஸ்ஸை நம்பினால் நாலு வீடு தேறாது. அதனால் பைக்.

வாங்கப் போகும்போது என்னைக் கூப்பிடவில்லை. "அதான் எழுதிட்டியே, நீ வேற எதுக்கு" என்றாள். கட்டுரையைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மீட்டரில் பதினெட்டாயிரம். ரப்பர் தேயவில்லை. ஆயில் தேன். செயினும் சரி, முத்திரைகளும் சரி. ஐந்துக்கும் பேனாவால் டிக் போட்டிருக்கிறாள். அந்தக் காகிதம் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது.

நாற்பத்தேழாவது நாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றது. பின்சக்கரம் சுற்றவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த அதே மெக்கானிக், "அறுபதாயிரத்துக்குக் கொறையாம ஓடுன வண்டி. உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

(இந்த இடத்தில் அவள் விழுந்ததை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "விழுந்தது நான். உனக்கு எதுக்கு இவ்ளோ வர்ணனை?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

4

வியாபாரியிடம் சண்டை போடப் போனேன். கடை முழுக்க டயருக்குப் பூசும் பாலிஷ் வாடை. எல்லா வண்டிகளும் முன்சக்கரத்தை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றன. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், லேமினேட் செய்து மாட்டியிருந்தது என் கட்டுரை.

"வாங்க சார், உக்காருங்க. நீங்க எழுதுன அஞ்சுல ஒண்ணாவது என் வண்டியில தப்பா இருந்துச்சா, சொல்லுங்க."

"மீட்டரத் திருப்பியிருக்கீங்க. ரப்பர மாத்தியிருக்கீங்க. என் தங்கச்சி கை போச்சு."

"கை போனது கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா வர்ற ஆளு எதப் பாக்குமோ, அதத்தான நாங்க சரி பண்ணுவோம்? பரிச்சையில என்ன வரும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன் என்று முதல் பிரதியில் இருந்தது. பொய். தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு டம்ளர் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

5

இதுவரை எழுதியதைத் தங்கை படித்தாள்.

"அவன விடு. அவன் மேல புகார் குடுத்தாச்சு, அது நடக்கும். நீ ஆறாவத ஏன் எடுத்த?"

"நீளமா இருந்துச்சு."

"எவ்ளோ நீளம்?"

பழைய நோட்டை எடுத்துக் காட்டினேன். நாலு வரி.

அவள் நாலு வரியையும் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு நோட்டை இடது கையால் மூடி, என் பக்கம் தள்ளினாள்.

6

எழுத ஆரம்பித்தபோது இருந்த மாவுக்கட்டு இப்போது இல்லை. அவ்வளவு நாள் இழுத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவளை ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தால் பழைய வேலை. இல்லையென்றால் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டும். குழந்தைகள்கூட அழாமல் கை நீட்டுவது அவளிடம் மட்டும்தான் என்று அங்கே பேச்சு. டோக்கன் கொடுக்கவா அவள் படித்தாள்? கட்டைவிரல் இன்னும் நடுங்குகிறது.

பழகிப் பார்க்க ஒரு கை வேண்டும் என்றாள். என் கையைக் கொடுத்தேன். இரண்டு முறை குத்தினாள், இரண்டும் தவறிவிட்டன.

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(மூன்றாவது குத்தில் ரத்தம் குபுக்கென்று குழாய்க்குள் ஏறியது. அவள் சிரித்தாள். அண்ணனின் கண்)

இது எடுப்பாக இருக்கிறது. எடுப்பாக இருக்க வேண்டும் என்று நான் செய்ததுதான் இத்தனைக்கும் காரணம். அடித்தாயிற்று.

(ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்லண்ணா, விடு" என்றாள்.)

இது அதைவிடக் கேவலம். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் கொடுக்காத மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன். உங்களுக்கு ஆறுதலான முடிவுதான் வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் ஐந்தே நிமிடத்தில் கிடைக்கிற எதுவும் இனி இல்லை.

இடது கையை மேசைமேல் நீட்டிக்கொண்டு வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் மூன்றாவது முறையாக ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, பஞ்சால் துடைக்கிறாள். ஊசியை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, பேனாவக் கீழ வை. ஆடறது நீயா, இல்ல என் கையான்னு எனக்குத் தெரியணும்."

வைக்கிறேன்.