அதிகாரிக்குக் காட்டிய வீடு

சசிகலா பேருந்து நிழற்குடைக்குள் இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். வீடில்லாதவர்களுக்குத் தங்க இடம் தேடித் தருவது அவள் வேலை. புதூர்நாட்டுப் பக்கம் இந்த மலையூரில் அவள் பொறுப்பில் இருந்தவள் செல்லி. போன மழையில் குடிசை சரிந்ததிலிருந்து செல்லிக்குப் படுக்கை, சமையல் எல்லாம் இந்த நிழற்குடைதான். இன்று அடுப்புக்கல்லைக் காணோம், மூட்டையைக் காணோம். தரையைக் கழுவிக் கோலம் வேறு போட்டிருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி சுற்றும்முற்றும் பார்த்தார். "எங்கம்மா அவங்க?"

இந்த மனிதரை மலையேற்ற சசிகலா நடையாய் நடந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஆசிரியர் குடியிருப்பில் செல்லிக்கு ஓர் அறை கிடைக்கும். அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பதை இவர் கண்ணால் பார்த்தால் போதும். அதற்காகத்தான் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் சின்னதம்பியிடம் அதிகாரி வருவதை முன்கூட்டியே சொல்லி வைத்தாள். சொன்னதுதான் வினையாகிப் போயிற்று.

"இப்டி வாங்க மேடம்!" சின்னதம்பி வெளுத்த வேட்டியில் ஓடி வந்து தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடிப்புக் கலையாத சேலையும் கையில் காபியுமாகச் செல்லி உட்கார்ந்திருந்தாள்.

"இதாங்க அவ வூடு. எங்க ஊர்ல யாரும் தெருவுல கெடக்கலைங்க."

"சார், நேத்து வரைக்கும் இவங்க பஸ் ஸ்டாப்புலதான் இருந்தாங்க," என்றாள் சசிகலா. "செல்லிம்மா, நீங்களே சொல்லுங்க!"

செல்லி கவுண்டரைப் பார்த்தாள். கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். "இங்கதான் சார் கீறேன்."

"வீடு இருக்கறவங்களைக் காட்டவா இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தீங்க?" என்று அதிகாரி சசிகலாவிடம் எரிந்து விழுந்தார். "அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துக்கறேன்." விறுவிறுவென்று போய் ஜீப்பில் ஏறிவிட்டார். சசிகலா ஏறவில்லை.

"இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கோச்சுக்காதீங்க மேடம்," என்றார் சின்னதம்பி. "நம்ம பொம்பளை பஸ் ஸ்டாப்புல கெடக்கறதை வர்றவருக்குக் காட்டினா ஊர் மானம் இன்னாவறது?"

சசிகலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சாரலில் செல்லி நனைந்து கிடந்தபோது இந்த மானம் எங்கே போயிருந்தது? திட்டித் தீர்க்கவும் முடியவில்லை. அடுப்பு மூட்ட முடியாத மழை நாட்களில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து அவளுக்குச் சாமைச்சோறு போட்டவர்களும் இவர்கள்தான். அதை நினைக்க ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குள் சின்னதம்பியின் மனைவி கலைவாணி உள்ளேயிருந்து மூட்டையைத் தூக்கி வந்தாள். "செல்லி, சேலையை மாத்திக்கினு கெளம்பு. உன் அடுப்புக்கல்லு கொல்லையில கீது."

"மூட்டையைக் கீழ வைங்க!" சசிகலா போட்ட சத்தத்தில் வாசலில் ஊரே கூடிவிட்டது. "இது அவங்க வூடுன்னு அவர் எதிர்க்க சொன்னீங்க இல்ல? நான் வேற இடம் பார்க்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க..."

"அப்போ போன் போட்டுத் தர்றேன். நான் சொன்னா அவர் நம்பமாட்டார். பொய் சொன்னோம்னு நீங்களே சொல்லுங்க, ரூம் கிடைச்சிடும். இத்தனை பேர் எதிர்க்கவே சொல்லுங்க."

அவள் நீட்டிய போனைச் சின்னதம்பி தொடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செல்லி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கலைவாணியின் கையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். நிழற்குடைக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று சசிகலாவுக்கு மனசு விட்டுப்போனது. செல்லியோ வாசல் பக்கம் திரும்பாமல், கூடத்தின் கோடிச் சுவர் வரை போய் நின்றாள்.

"பாயை இப்டிப் போட்டுக்கட்டுமா கலைவாணி, இல்ல அப்டியா?" என்று கேட்டாள்.