இருபது முறை தேறிய ஸ்விட்ச்

கிருமி வளர்க்கும் பெட்ரி தட்டின் மூடியைத் தூக்கிய வெண்ணிலா, அதன் லேபிளை மறுபடி படித்தாள். சர்க்கரை சேர்க்காத தட்டு அது. ஒன்றும் முளைத்திருக்கக் கூடாது. ஆனால் ஜவ்வரிசி சிந்தியதுபோல் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில், 2008இல், மாணவர்கள் சிலர் போட்டி ஒன்றுக்காக ஒரு பாக்டீரியாவை உருவாக்கியிருந்தார்கள். தண்ணீரில் ஈயம் இருந்தால் அது பச்சையாக மினுங்கும். வெளியே போய்ப் பெருகித் தொலைத்தால் என்ன செய்வது என்று, அதற்குள்ளேயே ஒரு ஸ்விட்ச்சும் வைத்தார்கள். ஆய்வகத்தில் ஊட்டும் ஒரு தனிச் சர்க்கரை கிடைக்காவிட்டால் அது தானே செத்துவிடும். ஜீன்களைக் கோத்தவள் பயோடெக் படிக்கும் வெண்ணிலா. மெக்கானிக்கல் இறுதியாண்டு அசரியா, "மோட்டார் ஸ்விட்ச்சுக்கு என்ன ஸ்டாண்டர்டோ அதேதான் இதுக்கும்" என்று சோதனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். இருபது முறை சர்க்கரையை நிறுத்தி அணைத்து, இருபது முறை சர்க்கரை கொடுத்துப் போட்டு, தேறிவிட்டது என்று அறிவித்தான். கேக் வெட்டினார்கள்.

வெண்ணிலாவுக்குக் கூடுதலாக ஒரு நிம்மதி. தினமும் கிருமி சாவதற்காகச் சோதனைக் குழாய்களில் ப்ளீச்சிங் ஊற்றிக் கழுவி அவள் விரல்கள் வெந்து போயிருந்தன. ஸ்விட்ச் தேறியபின் அந்தத் தொல்லை இல்லை; வெறும் தண்ணீரே போதும்.

தேறிய குழாயிலிருந்து ஒரு கேன் நிறைய வளர்த்தார்கள். அதிலிருந்து ஒரு சொட்டை, சும்மா ஒரு மனத்திருப்திக்கு, அவள் இந்தத் தட்டில் தடவி வைத்திருந்தாள். அந்தக் கேனோடுதான் அசரியா இப்போது பள்ளிக்கரணைக்குப் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். சதுப்புநிலத் தண்ணீரில் ஊற்றிப் போட்டிக்கு வீடியோ எடுக்க.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத உத்தமன் அவன். அந்த ஒழுக்கத்தின் மேல் அவளுக்கு அன்றுதான் எரிச்சல் வந்தது.

கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். மேடவாக்கம் கூட்டுரோட்டில் வண்டி நின்றேவிட்டது.

"அண்ணா, கொஞ்சம் சீக்கிரம்."

"லாரி குறுக்கால நின்னுகினு கீது. நான் இன்னா பறக்கவா முடியும்? சொம்மா பேஜார் பண்ணாதம்மா."

ஊற்றியிருப்பான், இந்நேரம் ஊற்றியிருப்பான் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பள்ளிக்கரணையில் குப்பைமேட்டுப் புகைக்கு நடுவே அவனைக் கண்டுபிடித்தாள். கரையில் குந்தி, கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஊத்தாதீங்க!" கத்திக்கொண்டே ஓடினாள். "சர்க்கரை இல்லாமலே வளருது. தட்டுல பார்த்துட்டு வரேன்."

"சான்ஸே இல்ல. ஆஃப் பண்ணா தண்ணி தெளிஞ்சிடும். ஆன் பண்ணா மறுநாள் கலங்கிடும். ஒரு ரவுண்டுகூட மிஸ் ஆகல."

"ஒவ்வொரு ரவுண்டுக்கும் புது டியூப்தானே எடுத்தீங்க?"

"அதெப்படி? ஒரே ஸ்விட்ச்சைத்தானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கணும்?"

"ஆஃப் பண்ணா செத்துடணும் அண்ணா. செத்தது எப்படி மறுநாள் வந்துச்சு?"

அசரியா கையிலிருந்த கேனைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் சாகாமல் தப்பிய நாலைந்துதான் மறுபடி பெருகியிருக்கின்றன. இருபது முறை சலித்துச் சலித்து, சாகத் தெரியாத ஒரு கூட்டத்தை அவன் கையாலேயே வளர்த்திருக்கிறான்.

மூடியை இறுக்கினான். "நல்லவேளை, வந்துட்ட. ஒரு சொட்டுகூட வெளிய போகல."

வெண்ணிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கேனைத் துடைத்துக்கொண்டிருந்த அசரியாவின் கை நின்றது. "லேப்ல என் டியூபையெல்லாம் நீதானே கழுவுன? ப்ளீச்சிங் போட்டுத்தானே?"

அவள் விரல்களைப் பார்த்தாள். புண்கள் ஆறி, புதுத்தோல் வந்திருந்தது. ஆய்வகத் தொட்டித் தண்ணீர் கால்வாய் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பினால் இங்கேதான் வடியும். இந்த மழைக்கு ஏரி நிரம்பியிருந்தது.

"இல்லண்ணா" என்றாள்.