ஐம்பத்தொன்பது ஆண் ஈக்கள்

உக்குவளையில் ரபாயேலின் வீட்டில் ஈ வளர்க்கிறார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. ரபாயேல் நின்று முறைத்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். முன்னறை மேசையில் இருந்தவை பழ ஈக்கள். தாய் தகப்பனின் கண் நிறம் பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது என்று அவற்றை இணைசேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. அதைச் செய்பவள் அவர் மகள் ஜெனிஸ்டா, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் படிப்புக்குப் போனவள்.

அன்று பார்த்து ஜெனிஸ்டாவுக்குக் கண்நோய் வந்துவிட்டது. இரண்டு இமைகளும் வீங்கி ஒட்டிக்கொண்டன. நான்கு மணிக்குள் மேற்பார்வையாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆய்வுக் குழுவில் அவள் இடம் இன்னொருத்திக்கு. அப்போதே மணி இரண்டரை.

"பக்கத்து வீட்டு நிஹ்லாவக் கூப்பிடுவோமாப்பா?"

"நம்ம வீட்டு வேலைய வெளியாள் வந்து முடிச்சுக் குடுக்கணுமா? நான் இருக்கேன்ல."

"நெறம் பாக்கணும்பா."

"எல்கடுவ தேயிலை ஸ்டோர்ல முப்பத்தேழு வருஷம் டீமேக்கர். எனக்கே நெறம் சொல்லித் தாறியா?"

ஐஸ் நிரப்பிய பெட்டியின் மூடியில் ஈக்கள் மயங்கிக் கிடந்தன. ஐஸ் உருகினால் எழுந்து பறந்துவிடும். வால் நுனி கறுப்பாக இருந்தால் ஆண் என்றாள். ரபாயேல் பூதக்கண்ணாடியைப் பிடித்து, சின்னத் தூரிகையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். ஐம்பத்தொன்பது ஆண்.

"இப்ப அந்த ஆண் ஈயெல்லாம் கண்ணப் பாத்துப் பிரிங்க. மாதிரிக்கு ரெண்டு போத்தல் வச்சிருக்கேன். ஒண்ணுல மங்கின செங்கல் செவப்பு, மத்ததுல பளீர்னு செவப்பு."

இரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டிலும் ஒரே சேற்று நிறம்.

"எப்படி வரணும்னு சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். சொன்னா கண்ணு அதத்தான் தேடும்."

ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஒரு ஈ காலை அசைத்தது. ரபாயேல் சிலதை வலப்பக்கம் தள்ளினார், சிலதை இடப்பக்கம். சரிபாதியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கூட்டிக் குறைத்தார்.

"பளீர் முப்பத்தொண்ணு. மங்கல் இருபத்தெட்டு."

ஜெனிஸ்டா சுவரில் சாய்ந்தாள். "திருப்பிச் சொல்லுங்கப்பா."

சொன்னார்.

"அப்ப எல்லாம் போச்சு. தாய் ஈ எல்லாம் பளீர்க் கண்ணு, தகப்பன் ஈ எல்லாம் மங்கல். இந்த நெறம் ஆண்பிள்ளைக்குத் தாய்கிட்ட இருந்துதான் வரும். ஐம்பத்தொன்பதும் பளீர்னு இருந்திருக்கணும். போத்தல் வாயில பஞ்ச சரியா அடைக்காம விட்டிருக்கேன், குசினிப் பழத்துல மொய்க்கிற ஈ உள்ள போயிருக்கு. என் பிழைதான்."

"தகப்பன்கிட்ட இருக்கிறது மகனுக்குப் போகாதா?"

"இது போகாது. மகளுக்கு மட்டும்தான் போகும். அவ பெறுற பையனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மனுஷங்கள்ல செவப்பு, பச்ச தெரியாதவங்க இருக்காங்கள்ல? அதுவும் இதே வழிதான், ஆனா மகள்கிட்ட வெளிய தெரியாது."

இருபது வயதில் ரபாயேல் ரயில்வே வேலைக்குப் போனார். கண் சோதனையில் தள்ளிவிட்டார்கள். அதிகாரி மரியாதை இல்லாமல் பேசினான், வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொன்னார். அந்தப் பொய்யைத்தான் குடும்பம் இன்றுவரை பெருமையாகச் சொல்லித் திரிகிறது. ஸ்டோரில் தேயிலை புளித்த பக்குவத்தை அவர் மூக்கால் பிடித்தார், கண்ணால் அல்ல. மனைவி சூசையம்மாவுக்குக்கூடத் தெரியாது. அடுத்த ஞாயிறு ஜெயகாந்துக்கும் ஜெனிஸ்டாவுக்கும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகிறார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் சபையைக் கேட்பார்.

ஜெனிஸ்டா தடவித் தடவிப் போனை எடுத்துக் குரல் பதிவை அழுத்தினாள். "மேடம், போத்தல்ல வேற ஈ கலந்திருச்சு. முழுக்க என் கவனயீனம். என்னக் குழுவில இருந்து..."

"நிப்பாட்டு."

"மணி மூணேகாலாச்சுப்பா."

"அனுப்பாத. பிழை உன்னோடது இல்ல." நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். "எனக்கு அந்தச் செவப்பு தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான். கண்டபடி பிரிச்சேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். ரபாயேல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலியோரம் போய் நிஹ்லாவை அவரே கூப்பிட்டார். வந்த பிள்ளை குனிந்து பார்த்தாள், இரண்டு குவியலையும் கிளறினாள்.

"அங்கிள், இதெல்லாம் ஒரே கலர்தானே? பளீர்ச் செவப்பு. எதப் பிரிச்சீங்க?"

எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது என்று அப்போதே சொல்லியிருந்தால், அதுவே சரியான விடை.

மூன்று ஐம்பதுக்குக் கணக்கு போய்ச் சேர்ந்தது. நிஹ்லாவும் போய்விட்டாள்.

"அப்ப ரயில்வே வேல?" என்றாள் ஜெனிஸ்டா.

"கண் சோதனையில தள்ளிட்டாங்க."

"எனக்கும் வந்திருக்கு, இல்லையா? எனக்குப் பையன் பொறந்தா..." போனைக் கையில் எடுத்தாள். "ஓலை வாசிக்க முந்தி ஜெயகாந்த் வீட்டுக்குச் சொல்லணும்பா."

அந்த வீட்டார் என்ன சொல்வார்கள், உக்குவளை முழுக்க என்ன பேசும், எல்லாம் ரபாயேலுக்குத் தெரியும். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார்.

"நீ பேசாத. இது நான் மறைச்சது." போனை வாங்கி எண்ணை அழுத்தினார். மணி நான்கு தரம் அடித்தது. எடுத்தவர் ஜெயகாந்தின் தகப்பனார்.

"சம்மந்தி, ரபாயேல் பேசுறேன். ஞாயித்துக்கிழமைக்கு முந்தி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கேட்டுட்டு முடிவு எடுங்க."