ஈரத் துண்டுக்கு விழுந்த ஓட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் ஓட்டெடுப்பில். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாடகி ஒருவரின் ரசிகர்கள் கூடும் இணையக் குழுவில் நானும் இருக்கிறேன். பாடகி பாடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். நாங்கள் பேசுவதை நிறுத்தவில்லை. அவருடைய பாட்டுகளில் எது உசத்தி என்று வாரக்கணக்கில் அடித்துக்கொள்வோம். கல்யாண வயதில் பிள்ளைகள் இருப்பவர்கள்கூட இதில் உண்டு. (யார் என்று கேட்காதீர்கள்.)

அங்கே ஒருநாள் மூன்று வரிகளைப் பார்த்தேன். யாரோ ஒரு பாட்டின் பெயரை எழுதி, பக்கத்திலேயே ‘வரேன்’ என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, குழுவை நடத்தும் பெண் சுள்ளென்று ஒரு பதில் எழுதியிருந்தார். அதற்கும் கீழே, கொஞ்ச நேரம் கழித்து, அதே பெண் ‘ஐயோ’ என்று மட்டும் எழுதியிருந்தார். நான் மறுபடி போய்ப் பார்ப்பதற்குள் அந்த ‘ஐயோ’வைக் காணவில்லை.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. என்ன ஆச்சு என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சப்பைக் காரணம் சொல்லியிருப்பார், கதை கையை விட்டுப் போயிருக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

‘அன்று காலை அவள் கண் விழித்தபோது வானம்...’ வேண்டாம். அவள் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

‘தம்பியோடு பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது.’ இது பொய். பழகியிருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

மூன்றாவது இது. குறை இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்:

குழுவில் அவளுக்குப் பெயர் ‘எக்ஸ்ரே அக்கா’. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. “நகராதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவளுக்கு அதே தொனி வந்துவிட்டது. மூச்சு விடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் கணவர் டிவி ரிமோட்டைத் தொடுவார். சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டும் அவளுக்கு. நடக்காவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். சொன்னபிறகு மனசுக்குள் போட்டுக் குமைவாள். அது மட்டும் யாருக்கும் தெரியாது.

3

குழுவின் ஓட்டெடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அங்கே பிடித்த பாட்டுக்கு ஓட்டுப் போடக் கூடாது. பிடிக்காத பாட்டுக்குத்தான் போட வேண்டும். அந்த வாரம் அதிக ஓட்டு வாங்கிய பாட்டு வெளியே போகும். கடைசிவரை விரட்டப்படாமல் மிஞ்சுவதுதான் சிறந்த பாட்டு. இந்த ஆட்டத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘டாட்டா’.

புதிதாக வருகிறவர்கள் இதில் தவறாமல் விழுவார்கள். உயிருக்கு உயிரான பாட்டின் பெயரை ஆசை ஆசையாக எழுதிவிட்டு, அது வெளியே போனதும் லபோதிபோ என்று அடித்துக்கொள்வார்கள். விதிகள் குழுவின் முகப்பிலேயே இருக்கின்றன. யார் படிக்கிறார்கள்? ஓட்டுப் போடும் இடத்தில் பாட்டின் பெயரைத் தவிர ஒரு சொல்கூட எழுதக் கூடாது என்பதும் ஒரு விதி. அங்கேயே சண்டை மூண்டு எண்ணிக்கை குழம்பிப்போவதால் எக்ஸ்ரே அக்கா போட்ட விதி அது. மீறினால் ஆளைத் தூக்கிவிடுவாள்.

அந்த வாரம் இரண்டு பாட்டுகள் தூக்குமேடையில் நின்றன. அதில் ஒன்று ‘ஈரத் துண்டு’. அதிகம் பேர் கேட்டிராத பாட்டு. வீட்டை விட்டுக் கிளம்பிப் போனவர் நாற்காலியில் போட்டுவிட்டுப் போன துண்டைப் பற்றி ஒருத்தி பாடுகிறாள், அவ்வளவுதான். குழுவில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் உண்டு. பிழை திருத்தும் வேலை பார்ப்பவர் என்பதால் ‘டிக்‌ஷனரி’ என்று பெயர்.

“இதெல்லாம் ஒரு பாட்டா? துணி காயப்போடுற லிஸ்ட்டு” என்று எழுதினார் டிக்‌ஷனரி.

“வீட்ல ஒருநாளாவது துணி துவைச்சிருந்தா புரிஞ்சிருக்கும் சார்” என்றார் பேக்கரிக்காரர். அவர் மாவு பிசைந்துகொண்டே குழுவில் சண்டை போடுகிறவர்.

எக்ஸ்ரே அக்கா வாயைத் திறக்கவில்லை. நடத்துகிறவள் கட்சி சேரக் கூடாது. ஆனால் அந்தப் பாட்டு போய்விடுமோ என்று அந்த வாரம் முழுக்க ஓட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

4

தம்பியைக் கொண்டுவருகிறேன். லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊர்.

சின்ன வயதில் அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு இயர்போன். ஆளுக்கு ஒரு காது. வலது அவளுக்கு, இடது அவனுக்கு. ‘ஈரத் துண்டு’ பாட்டில் நடுவில் ஓர் ஆண்குரல் பதில் சொல்லும். அது இடப்பக்கம் மட்டும்தான் கேட்கும். அவள் காதுக்கு அது வரவே வராது. “ரெண்டு பேர் பாடுறாங்கக்கா” என்பான். “உனக்குக் காதுல கோளாறு” என்பாள். இதற்காக ஒருவரை ஒருவர் கிள்ளிச் சிவக்க வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போய், தனக்கென்று ஓர் இயர்போன் வாங்கிய பிறகுதான் அவளுக்கு அந்தக் குரல் கேட்டது. அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, “ஆமாண்டா, ரெண்டு பேர்தான்” என்றாள். அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு அப்பா இறந்தார். தம்பி வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பையோடு நின்றவனைப் பார்த்து, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவள் கேட்டாள்: “இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதா?”

[இந்த இடத்தில் அவன் தாமதத்துக்கு ஒரு காரணம் எழுதினேன்: நின்றுபோன லிஃப்ட்டுக்குள் ஒரு கர்ப்பிணி மாட்டிக்கொண்டாள், அவளை வெளியே எடுத்துவிட்டு வந்தான் என்று. எழுதிவிட்டு அடித்தேன். நல்ல காரணம் இருந்தால் அக்கா கெட்டவள் ஆகிவிடுவாள், காரணமே இல்லாவிட்டால் தம்பி கெட்டவன் ஆகிவிடுவான். பஸ் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.]

அவன் இருந்து, நாற்காலிகளை அடுக்கி, அப்பாவின் அறையைக் கழுவிவிட்டான். மறுநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “போறேன்” என்றான்.

நம்மில் யாராவது அப்படிச் சொல்வோமா? தெருமுனைக் கடைக்குக் கிளம்புகிறவன்கூட ‘வரேன்’ என்றுதான் சொல்லுவான். ஜென்மத்துக்கும் இந்த வாசல்படியை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தவன்கூட வாய்தவறி ‘வரேன்’ என்றுவிடுவான். தம்பிக்கு வாய் தவறவில்லை. அவள் கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். “போறேன்னு சொல்லாதடா” என்று ஒரு வார்த்தை. அவள் அதை விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா போனதைவிட அதைத்தான் அவள் அதிகம் நினைத்து அழுதாள்.

அதன்பிறகு அவனும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

5

ஓட்டெடுப்பின் கடைசி நாள், கடைசி நிமிஷங்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்து ஒருவரை அனுப்பிவிட்டு, அடுத்தவர் சட்டையைக் கழற்றும் இடைவெளியில் அவள் போனைப் பார்த்தாள். இரண்டு பாட்டுக்கும் ஓட்டு சமமாக இருந்தது. அப்போதுதான் அந்த வரி விழுந்தது.

‘ஈரத் துண்டு. வரேன்.’

ஒரே ஓட்டில் அவள் பாட்டு போயிற்று. போதாக்குறைக்கு விதியை மீறி ஒரு சொல் வேறு. யார் எழுதியது என்றுகூட அவள் பார்க்கவில்லை. ‘விதியைப் படிக்காதவங்களுக்கு இங்க இடமில்லை’ என்று எழுதினாள். ஆளைக் குழுவிலிருந்து தூக்கினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுத்து யாருங்க?” என்றாள்.

மதியம் மறுபடி திறந்தபோது குழு இரண்டாகப் பிரிந்து நின்றது.

“‘வரேன்’னா விடைபெறுறதுன்னு அர்த்தம். பாட்டுக்கு டாட்டா சொல்லியிருக்கார். ஓட்டு செல்லும்” என்று டிக்‌ஷனரி தீர்ப்பு எழுதியிருந்தார்.

“வரேன்னா வரேன்தான் சார். மனுஷன் எங்கயோ கிளம்பி வர்றாரு. விதி தெரியாம பிடிச்ச பாட்டை எழுதிட்டாரு. செல்லாது” என்றார் பேக்கரிக்காரர்.

“போறவங்களும் அதையேதான் சொல்றாங்க, வர்றவங்களும் அதையேதான் சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள் ஒரு கல்லூரிப் பெண்.

“அவரையே கேட்டா போச்சு.”

“எங்க கேக்குறது? அக்காதான் தூக்கிட்டாங்களே.”

“யாரு அது, ‘ஒத்தக்காது’? புது ஆளா?”

அந்தப் பெயரை அவள் அப்போதுதான் படித்தாள். ‘ஐயோ’ என்று எழுதினாள், பிறகு அழித்தாள்.

6

எனக்குத் தம்பி மேல் சந்தேகம் இருக்கிறது. போன் நம்பர் இருக்கும்போது ஒருவன் எதற்காக இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? முதல் பிரதியில் இதற்கு அவன் வாயாலேயே நீளமாக விளக்கம் கொடுத்திருந்தேன். படிக்கச் சகிக்கவில்லை. உண்மையில் காரணம் சின்னதுதான் என்று நினைக்கிறேன். வாசல் கதவைத் தட்டினால் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். ஆயிரம் பேர் பேசும் இடத்தில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நிற்பதற்கு அவ்வளவு துணிச்சல் தேவையில்லை. பதில் வராவிட்டால், அவள் பார்க்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அவனுக்குப் பதில் வந்தது. இங்கே இடமில்லை என்று.

அவள் எக்ஸ்ரே அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குப் போன் செய்தாள்.

“அவன்தாங்க. அவனேதான். நான் துரத்தி விட்டுட்டேன். ரெண்டாவது தடவையா.”

“சரி, அழாதே. அவனுக்கு ஒரு போன் போடு.”

“‘வரேன்’னு போட்டிருக்கான். வர்றானா, இல்ல மொத்தமா முடிச்சுக்கிறானா?”

“அதைத்தான் கேளேன்.”

“முடிச்சுக்கிறேன்னு சொல்லிட்டா?”

கேட்காதவரை அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. கேட்டுவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும். அவள் இத்தனை வருஷம் ஓடிக்கொண்டிருந்தது எந்தப் பாதியில் என்று...

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று: தம்பிக்கு ‘டாட்டா’ விதி தெரியும். பல மாதங்களாகக் குழுவில் பேசாமல் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்தப் பாட்டு போகட்டும் என்று தெரிந்தேதான் போட்டான். “அந்தப் பாட்டை நீ தனியா வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போறே?” என்கிறான். எழுதி முடித்ததும் இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை.

இரண்டு: சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது வாசலில் பையோடு நிற்கிறான். பஸ் ஏறிவிட்டுத்தான் ‘வரேன்’ என்று எழுதியிருக்கிறான். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒருவன் விரட்டப்பட்ட பிறகும் அதே பஸ்ஸில் உட்கார்ந்து வந்துகொண்டிருப்பானா? பாதிவழியில் இறங்கியிருப்பான் என்றே தோன்றுகிறது. இவள் செய்ததை நான் அவ்வளவு சுலபமாகக் கழுவித் தர முடியாது.

மூன்று: ‘ஒத்தக்காது’ அவள் தம்பியே இல்லை. ஒரு காது கேட்காத யாரோ ஒரு டைலர். சரியான பித்தலாட்டம். இப்படி ஒரு முடிவை எந்தக் கதையில் படித்தாலும் புத்தகத்தைத் தூக்கி எறிவேன்.

மூன்றையும் குழுவில் போட்டு ஓட்டெடுப்பு நடத்தலாமா என்றுகூட யோசித்தேன். நடத்தினால் டிக்‌ஷனரி முதல் ஆளாக வந்து விதியைக் கேட்பார்.

8

அவள் போன் செய்தாள். இதை நான் யாருடைய ஓட்டுக்கும் விடவில்லை. செய்தாள். வெளியே நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை.

தம்பி ஏதோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

“சொல்லுக்கா.”

யாரு என்று கேட்கவில்லை. அவள் நம்பரை அவன் அழிக்கவில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரிகிறது. குரலில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. இரண்டே சொற்களில் என்ன தெரியும்?

இனி அவள் ஏதாவது சொல்ல வேண்டும். அதை எழுத வேண்டியது என் வேலை. “எப்படிடா இருக்கே?” என்று எழுதினேன். நேற்றுப் பேசியவர்கள் மாதிரி இருந்தது. “நீதானா அது?” என்று எழுதினேன். போலீஸ் விசாரணை போல இருந்தது. “மன்னி...” என்று தொடங்கினேன். யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகாதவள், பாதியில் நின்றுவிட்டாள். அவள் வாய் திறந்தபடி இருக்கிறது, என்னிடம் வாக்கியம் இல்லை.

உங்களிடம் இருக்கும். போனில் பெயர் இருந்தும் கூப்பிடாமலே விட்டுவைத்திருக்கும் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். பாத்திரம் கழுவும்போதோ, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ, அவரிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றை இவளுக்குக் கொடுங்கள். அவனால் அதிக நேரம் நிற்க முடியாது. கீழ்த்தளத்தில் ஆட்கள் பொறுமையிழந்து பொத்தானை அழுத்துகிறார்கள், மேற்பார்வையாளர் வேறு சத்தம் போடுகிறார்.

“அக்கா? லைன்ல இருக்கியா?” என்கிறான்.

சீக்கிரம் சொல்லுங்கள்.