துகளுக்குள் கோடுகள்

நாத்தனாரும் நானும் சில நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாஷிங் மெஷினில் யார் துணி முதலில் என்பதுதான் தகராறு. ஆனால் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பவள் அவள். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவள் நான்.

அன்று என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தகட்டை வைத்துவிட்டுப் போனாள். ஏரிக்கரையில் நான் பொறுக்கிய கறுப்புக் கண்ணாடிக் கல். அந்த ஏரியே விண்கல் விழுந்த பள்ளம் என்று நான் சொல்லப்போய், இரும்பு உலைக் கசடைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். உலைச் சூட்டில் கல் உருகும். ஆனால் கல்லிலுள்ள குவார்ட்ஸ் படிகத்துக்குள் இணைகோடுகள் விழாது. அதற்கு வானத்திலிருந்து விழுகிற அடி வேண்டும்.

குனிந்து பார்த்தேன். உருகிய கண்ணாடி நடுவே உருகாமல் தப்பிய ஒரே ஒரு குவார்ட்ஸ் துகள். அதற்குள் சீப்பால் வாரியதுபோல் கோடுகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

துறைத் தலைவர் வந்து பார்த்தார். "இது தேய்ச்ச கீறல்மா. உங்க நாத்தனாருக்குக் கவனம் பத்தாது."

எனக்குச் சுருக்கென்றது. அவளைத் திட்டும் உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

"அவ வாய்தான் சரியில்ல சார். கை தங்கம்."

கதவருகே நின்றிருந்தவள் உள்ளே வந்தாள். "கீறல்னா இன்னொரு தடவை தேய்ச்சா போயிடும். உள்ள இருக்கிற கோடுன்னா நிக்கும். ஆனா அண்ணி, ஏற்கெனவே ரொம்ப மெல்லிசு. துகளே போயிடுச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

துகள் போனால் என் பள்ளமும் போச்சு.

"தேய்" என்றேன்.

கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தகட்டை விரல்நுனியால் மெல்லச் சுற்றினாள்.

துடைத்துத் தலைவரிடமே நீட்டினாள். அவர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"சார்!"

"இருங்கம்மா... துகள் பாதிதான் இருக்கு. ஆனா கோடு அப்படியே இருக்கு." அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். "விழுந்திருக்கு. நெஜமாவே விழுந்திருக்கு!"

நான் குதித்தேன். வெட்கமே இல்லாமல் நாத்தனாரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். அவள் கையிலிருந்த பொடிச்சேறு என் முதுகெல்லாம் அப்பியது.

"போச்சு, புதுச் சேலை" என்று சிரித்தாள். "இன்னைக்கு மெஷின்ல உங்க துணியே முதல்ல போகட்டும் அண்ணி."